மறுகாவும் அங்கேயா?

பழைய மனேஜரின் அழைப்பு பெரும்பாலும் இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் வரும். பகலில் அவருக்கு நேரம் கிடையாது. நீங்கள் விட்டுப்போன வேலையையும் சேர்த்து அவர்தான் இழுத்துக்கொண்டிருப்பார். "தம்பி, சுகமா? அங்க எப்படிப் போகுது?" என்று தொடங்கும். மழை, வெள்ளம், வயல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சுற்றி வந்து கடைசியில், "உங்கட கதிரை இன்னும் சும்மாதான் கிடக்கு" என்ற இடத்தில் நிற்கும். அந்த ஒரு வசனத்தில் விழுந்தவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஏராளம். லீசிங் கம்பனிகள், வங்கிக் கிளைகள், தனியார் ஆஸ்பத்திரிகள், பாசிக்குடா ஹோட்டல்கள், சம்மாந்துறை அரிசி ஆலைகள், புடவைக்கடைகள் என்று எங்கு பார்த்தாலும் ஒருதரம் விட்டுப்போய்த் திரும்பி வந்த ஒருவராவது இருப்பார்.

ஊர் இதற்கு இரண்டு விதமாகத்தான் பதில் சொல்லும். "என்ன மனே, மறுகாவும் அங்கயா?" என்பது ஒன்று. விட்ட இடத்துக்குப் போவது மானக்கேடு, போன இடத்தில் ஆள் தோற்றுவிட்டான் என்பது அதற்குள் இருக்கும் கதை. மற்றது, "தெரிஞ்ச இடம்தானே, கண்ணை மூடிக்கொண்டு போ." முதலாவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெட்கம் இரண்டு கிழமையில் போய்விடும். மூன்றாம் கிழமை யாருக்கும் ஞாபகம் இருக்காது. இரண்டாவதுதான் ஆபத்தான புத்திமதி. கட்டடமும் ஆட்களும் தெரியும், தேநீர் எத்தனை மணிக்கு வரும் என்பதும் தெரியும். தெரியாதது, கணக்கில் நீங்கள் யார் என்பது. சட்டமும் சம்பளப் பிரிவும் உங்களைப் பழைய ஆளாகப் பார்ப்பதில்லை. பழைய கட்டடத்துக்குள் வந்த புது ஆள் நீங்கள். இதை மறந்து போனவர்கள்தான் பிறகு கல்முனை லேபர் கந்தோர் வாங்கில் இருந்து கணக்குக் கேட்கிறார்கள்.

அரச உத்தியோகத்தரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குள் வந்த சுற்றறிக்கையின்படி அவர்களுக்கு 5 வருடம் வரை சம்பளமற்ற லீவு எடுத்துக்கொண்டு வெளிநாடோ வேறு வேலையோ பார்க்க வழி கிடைத்தது. சேவை மூப்பும் ஓய்வூதியமும் கெடாது. அவர்கள் திரும்பி வரும்போது உண்மையிலேயே திரும்பி வருகிறார்கள். தனியார் துறையில் இராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்றோடு கயிறு அறுந்துவிடும்.

நாலு மாதத்தின் விலை

அறுந்த கயிற்றின் விலையைப் பணிக்கொடையில் பார்க்கலாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் சொல்வது இவ்வளவுதான்: 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 5 வருட சேவையை நிறைத்தவர் விலகும்போது, நிறைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். கணக்குப் பார்ப்பது கடைசியாக எடுத்த சம்பளத்தில். கொடுக்க வேண்டியது விலகி 30 நாளுக்குள். தானாக விலகினாலும் கிடைக்கும். "நீர்தானே ரிசைன் பண்ணினீர், உமக்கு ஒண்டும் இல்லை" என்று யாராவது சொன்னால் அது பொய்.

ஆனால் அந்த 5 வருடம் இடையறாத சேவையாக இருக்க வேண்டும். அனுமதி எடுத்த லீவு, வருத்தம், விபத்து போன்றவை சேவையை முறிக்காது. இராஜினாமா முறிக்கும். மூன்று வருடம் வேலை, ஒரு வருடம் வேறிடம், திரும்பி வந்து மூன்று வருடம் என்றால் அது ஆறு வருடமல்ல, இரண்டு தனி மூன்று வருடங்கள். இரண்டுக்கும் பணிக்கொடை இல்லை.

ஓர் ஆளை வைத்துக் கணக்குப் பார்ப்போம். லீசிங் கம்பனியின் மட்டக்களப்புக் கிளையில் 4 வருடமும் 8 மாதமும் இருந்தவர், கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா. கல்முனையில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேலை வந்தது, விட்டுவிட்டுப் போனார். இன்னும் நாலு மாதம் பொறுத்திருந்தால் 20,000 வீதம் 5 வருடத்துக்கு 100,000 ரூபா கையில் வந்திருக்கும். வரவில்லை. இப்போது பழைய இடம் கூப்பிடுகிறது. போய் இன்னும் 5 வருடம் வேலை செய்து, அடிப்படைச் சம்பளம் 60,000 ஆகி விலகுகிறார் என்று வையுங்கள். புது ஆளாகப் போயிருந்தால் 30,000 வீதம் 5 வருடத்துக்கு 150,000. பழைய சேவையும் சேர்த்துக் கணிக்கப்பட்டால் 9 வருடமும் 8 மாதமும், நிறைந்த வருடம் 9, தொகை 270,000. வித்தியாசம் 120,000 ரூபா. இரண்டாம் தரம் நாலரை வருடத்தில் விலகினால் இன்னும் மோசம்: ஒரே கம்பனியில் மொத்தம் ஒன்பது வருடத்துக்கு மேல் உழைத்தும் புது ஆளுக்கு ஒரு சதமும் இல்லை.

ஆகவே பழைய மனேஜரோடு பேசும்போது முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு தருவீர்கள் என்பதல்ல, எந்தத் திகதியிலிருந்து என்பது. சேவைத் தொடக்கத் திகதி என்று நியமனக் கடிதத்தில் ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வசனம் வேண்டும்: "இவர் இந்நிறுவனத்தில் முன்னர் ஆற்றிய சேவை, பணிக்கொடை மற்றும் வருடாந்த லீவு என்பவற்றைப் பொறுத்தவரை தொடர்ச்சியான சேவையாகக் கணிக்கப்படும்." முன்னைய சேவையின் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் அதற்குள் எழுதப்பட வேண்டும். சட்டம் இதைக் கொடுக்கச் சொல்லி முதலாளியைக் கட்டாயப்படுத்தாது, கொடுக்கக் கூடாதென்றும் தடுக்காது. அவர்களுக்கு நீங்கள் தேவைப்படும் கிழமையில் கேட்டால் கிடைக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் சிரிப்பார்கள். முதல் தடவை 5 வருடம் தாண்டிப் பணிக்கொடை வாங்கியவர் அந்தக் காலத்துக்கு மறுபடி காசு கேட்க முடியாது. அவர் லீவையும் பதவி மூப்பையும் மட்டும் கேட்கலாம், அது நியாயம்.

15 பேருக்குக் குறைந்த கடை என்றால் இந்தச் சட்டம் நேரே கைகொடுக்காது, தொழில் நியாயமன்றுக்குத்தான் போக வேண்டும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒரு புடவைக்கடைக்கோ ஹாட்வெயார் கடைக்கோ திரும்பிப் போகிறவர், முதலாளியின் வாய்ச்சொல்லில் எவ்வளவு நிற்கும் என்பதை அந்த முதலாளியின் பழைய ஆட்களிடம் விசாரித்துவிட்டுப் போவதே மேல்.

85,000 என்றால் எந்த 85,000?

"போன இடத்தில எவ்வளவு? சரி, நாங்க 85 தாறம்." இந்த 85க்குள் என்னென்ன இருக்கிறது என்பது அடுத்தது. மேலே சொன்னவரையே எடுப்போம். கல்முனையில் அவருக்கு அடிப்படைச் சம்பளம் 65,000, படி 10,000, மொத்தம் 75,000. பழைய இடம் சொல்லும் 85,000இல் அடிப்படை 45,000. மீதி 40,000 பெற்றோல், போன், வரவு ஊக்கப்பணம், வசூல் ஊக்கப்பணம் என்று சிதறிக் கிடக்கிறது. பல இடங்களில் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டுவது அடிப்படையில் மட்டும்தான்.

கையில் வருவதைப் பார்த்தால், கல்முனையில் ஈ.பி.எஃப்புக்கு உங்கள் பங்கு 8 வீதம் போக 69,800. பழைய இடத்தில் 81,400. மாதம் 11,600 கூட. ஆள் மயங்குவது இங்கேதான். முதலாளி போடும் ஈ.பி.எஃப் 12 வீதமும் ஈ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் கல்முனையில் 9,750, பழைய இடத்தில் 6,750, 3,000 குறைவு. உங்கள் பங்கிலும் ஈ.பி.எஃப்புக்குப் போவது 1,600 குறைவு. உண்மையான கூடுதல் 7,000 ரூபாதான். பணிக்கொடைக்குச் சேரும் அரைமாதம் 32,500இலிருந்து 22,500க்கு இறங்குகிறது. வருடத்துக்கு 10,000, மாதத்துக்கு ஏறக்குறைய 830. மிச்சம் 6,170.

இனி மோட்டார் சைக்கிள். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நகரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். போக வர 80. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் சைக்கிளுக்கு நாளுக்கு 2 லீற்றர், லீற்றர் 300 என்று வைத்தால் 600, 24 நாளுக்கு 14,400 ரூபா. களுவாஞ்சிகுடியில் ஒரு தேநீர், மழைக்காலத்தில் ஒரு ரெயின்கோட், சங்கிலிக்கும் ரயருக்கும் ஆகிற செலவு இதில் சேரவில்லை. பஸ்ஸில் போனால் காசு குறையும், ஆனால் மாலை ஆறு மணிக்குப் பிறகு வசூலுக்கு நிற்கச் சொல்லும் வேலையில் பஸ்ஸை நம்பி இருக்க முடியாது. ஆக, கூடக் கிடைப்பதாகத் தெரிந்த 11,600 கல்லடிப் பாலம் தாண்ட முதலே கரைந்துவிடுகிறது. திரும்பிப் போகவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மொத்தத்தைப் பேசாமல் அடிப்படையைப் பேச வேண்டும் என்பதுதான். "சேர், மொத்தம் 85 இருக்கட்டும், அடிப்படையை 65 ஆக்குவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். ஈ.பி.எஃப், ஈ.ரி.எஃப்பில் கம்பனிக்கு மேலதிகச் செலவு மாதம் 3,000 ரூபா, பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஊக்கப்பணத்தை ஒரு சுற்றறிக்கையில் நிறுத்திவிடலாம், அடிப்படையை அப்படிக் குறைக்க முடியாது.

ஈ.பி.எஃப் பற்றி ஒரு சின்ன விடயம். அதே கம்பனிக்குத் திரும்பினாலும் பெரும்பாலும் புது அங்கத்துவ இலக்கம்தான் தருவார்கள். பழைய இலக்கத்தில் ஒரு மீதி, நடுவில் இருந்த கம்பனியில் இன்னொன்று, இப்போது மூன்றாவது. காசு தொலையாது, ஆனால் சிதறிக் கிடக்கும். 10 வருடப் பங்களிப்பும் 300,000 ரூபா மீதியும் இருந்தால் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் எடுக்கலாம் என்ற வசதிக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சிதறல்தான் காலை வாரும். கணக்குகளை ஒன்றாக்க மத்திய வங்கியின் ஈ.பி.எஃப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். இதைத் திரும்பிச் சேர்ந்த முதல் மாதமே செய்துவிட வேண்டும், பழைய சம்பளப் பட்டியல் வைத்திருக்கும் பிள்ளை அங்கேயே வேலையில் இருக்கும்போதே.

லீவும் பூச்சியத்திலிருந்துதான். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி முதல் நாட்காட்டி வருடத்தில் வருடாந்த லீவு இல்லை. அடுத்த வருடம் எத்தனை நாள் என்பது சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தால் 14, யூன் வரை 10, செப்டெம்பர் வரை 7, அதற்குப் பிறகு 4. "புது வருசத்தில இருந்து வாறன்" என்று ஜனவரிக்குத் தள்ளுகிறவர் அந்த வருடம் முழுவதும் ஒரு வருடாந்த லீவும் இல்லாமல் இருப்பார். அதற்கு முந்தின டிசம்பரிலேயே சேர்ந்தவருக்கு அந்த வருடத்தில் 4 நாளாவது உண்டு. கோயில் திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் லீவு கேட்கிற ஊரில் இது சின்ன விடயமல்ல. 1971ஆம் ஆண்டின் வேலை நீக்கச் சட்டத்தின் பாதுகாப்பும் 180 நாள் வேலை செய்யாதவருக்கு இல்லை. தகுதிகாண் காலம் ஆறு மாதம் என்று கடிதத்தில் அச்சடித்து வந்தால், "இந்த வேலைய நான் நாலு வருசம் செய்தவன் தானே" என்று சொல்லி அதை வெட்டச் சொல்லலாம். அதிகம் பேர் கேட்பதில்லை.

கிளியரன்ஸ் படிவம்

திரும்பிப் போக முடியுமா என்பது பல வேளைகளில் விட்டுப்போன கடைசிக் கிழமையிலேயே முடிவாகிவிடுகிறது. கிளியரன்ஸ் படிவம் என்று ஒரு தாள். அடையாள அட்டை, சிம், டெப், சீருடை, சாவி, ரிசீட் புத்தகம், ஊழியர் கடன், முற்பணம் என்று ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொருவர் கையெழுத்து. நுண்கடன், லீசிங் வேலைகளில் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும், ரிசீட் புத்தகம் மன்னிக்கப்படாது. 50 தாள் புத்தகத்தில் 3 தாள் மிஞ்சிக் கிடந்து, அதை வாழைச்சேனையில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தால், அந்த 3 தாளும் கணினியில் உங்கள் பெயரில் திறந்தே கிடக்கும். கிளை மனேஜருக்கு அது தெரிந்திருக்காது. உங்கள் பெயரைத் தலைமைக் கந்தோருக்கு அனுப்பியதும் எச்.ஆரிலிருந்து "மீள எடுக்க வேண்டாம்" என்று ஒரு வரி வரும். மனேஜர் அதற்குப் பிறகு போன் எடுக்க மாட்டார், வெட்கத்தில்.

எனவே அழைப்பு வந்ததும், வாயால் சம்மதம் சொல்ல முதல், "சேர், என்ட ஃபைல் கிளியரா எண்டு ஒருக்காப் பாருங்க" என்று கேட்பது புத்தி. முன்னறிவித்தல் கொடுக்காமல் போனவர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் கடனாக நிற்கலாம். ஊழியர் வட்டியில் எடுத்த சைக்கிள் லீசிங், விலகியதும் சாதாரண வட்டிக்கு மாறியிருக்கும். திரும்பி வந்தால் பழைய வட்டிக்கு மாறுமா என்பதையும் இப்போதே கேட்க வேண்டும். தானாக மாறாது.

சீசன் ஊர்கள் வேறு கதை

அறுகம்பேயிலும் பாசிக்குடாவிலும் திரும்பிப் போவது என்பது ஒரு தொழில்முறை. சித்திரைக்குப் பிறகு செப்டெம்பர், ஒக்டோபர் வரை கிழக்குக் கடல். மழை தொடங்கியதும் ஆட்கள் ஹிக்கடுவை, பெந்தோட்டை, மிரிஸ்ஸ என்று தெற்குக்குப் போய் அடுத்த ஏப்ரலில் வந்து நிற்பார்கள். அங்கே யாரும் மானம், மரியாதை என்று பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு வெள்ளைத்தாளில் இராஜினாமா எழுதி வாங்கும் ஹோட்டல்கள் உண்டு. எட்டு சீசன் வேலை செய்த சமையற்காரருக்குச் சட்டத்தின் கண்ணில் எட்டுத் துண்டு சேவை. இராஜினாமாவுக்குப் பதில் சம்பளமற்ற லீவும், மீண்டும் வர வேண்டிய திகதி போட்ட கடிதமும் கேட்பதுதான் இதற்கு மருந்து. நல்ல கோக்கிகளுக்குத் தட்டுப்பாடு உள்ள இந்த நாட்களில் கேட்டுப் பெறலாம். 2019 ஈஸ்டர் தாக்குதல், பிறகு கொரோனா, பிறகு 2022 என்று ஹோட்டல்கள் படுத்த காலத்தில் கட்டாருக்கும் டுபாய்க்கும் போனவர்களைத்தான் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

அங்கே சம்பளத்தைவிடச் சேவைக் கட்டணப் புள்ளிதான் முக்கியம். பில்லில் சேர்க்கும் 10 வீதத்தை ஊழியர்களுக்குள் புள்ளிக் கணக்கில் பிரிக்கும் இடங்களில், திரும்பி வந்தவருக்குப் புது ஆளின் புள்ளியா, விட்டபோது இருந்த புள்ளியா என்று கேட்காமல் பையை இறக்க வேண்டாம். தற்காலிகம், சீசன் என்று சொன்னாலும் ஈ.பி.எஃப் முதல் நாளிலிருந்தே போட வேண்டும். மூன்று மாதம் கழித்துத்தான் என்பது அந்த ஹோட்டல் எழுதிய சட்டம்.

ஆட்கள்

கணக்கு எல்லாம் சரிவந்தாலும் போகக்கூடாத இடங்கள் உண்டு. ஏன் விட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காரணம் ஓர் ஆள் என்றால், அந்த ஆள் இப்போது எங்கே? பொலன்னறுவைக்கு மாற்றலாகிப் போயிருந்தால் சரி. பிராந்திய மனேஜராகி அதே கிளையை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் சரியில்லை. காரணம் வேலை முறை என்றால் விசாரிக்கக்கூடத் தேவையில்லை: ஒரு மாத முடிவில், மாலை ஆறரைக்கு அந்தக் கிளைக்கு முன்னால் ஒருதரம் போய்ப் பாருங்கள். வாசலில் எத்தனை சைக்கிள் இன்னும் நிற்கிறது, உள்ளே லைற் எரிகிறதா, கண்ணாடிக்குள் யார் போனில் கத்துகிறார்கள். நீங்கள் விட்டபோது இருந்த அதே காட்சி என்றால், கூடக் கொடுக்கும் காசு அந்த லைற்றுக்குத்தான். பழஞ்சோறு ருசிதான், என்றாலும் எப்போது தண்ணி ஊற்றினது என்று கேட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும்.

அதோடு, நீங்கள் வேலை பழக்கிய பிள்ளை இப்போது உதவி மனேஜராக இருக்கலாம். "அண்ணன்" என்று கூப்பிட்டவர், இப்போது உங்கள் லீவுத் தாளில் கையெழுத்து வைப்பார். இதைத் தாங்க முடியாதென்றால் போகாமல் இருப்பது இருவருக்கும் நல்லது. விட்டுப் போகாமல் அங்கேயே இருந்தவர்களின் சம்பளத்தைவிட உங்களுக்குக் கூட என்பது ஒரு மாதத்துக்குள் எப்படியும் தெரிந்துவிடும். கோபம் கம்பனியில் வராது, உங்களில் வரும். முதல் மூன்று மாதம் "நாங்க அங்க இப்பிடித்தான் செய்தனாங்க" என்ற வசனத்தை வாயில் எடுக்காமல் இருந்தால் பாதி தணியும்.

கேட்க வேண்டியதெல்லாம் கேட்டதும் மனேஜர் சொல்லப்போவது, "அதெல்லாம் தலைமைக் கந்தோர் தம்பி, வாங்க, வந்த பிறகு பார்ப்பம்." வந்த பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. தலைமைக் கந்தோருக்கு ஒரு ஈமெயில் போடச் சொல்லி, பதில் வரும்வரை இருக்கிற இடத்தில் வாயே திறக்காமல் இருங்கள். கையெழுத்தான நியமனக் கடிதம் கைக்கு வந்து, தொடக்கத் திகதியையும் அடிப்படைச் சம்பளத்தையும் முன்சேவை வசனத்தையும் இரண்டு தரம் வாசித்த பிறகுதான் இராஜினாமா. அதற்கும் முதல், இப்போது இருக்கிற கம்பனி தந்த நியமனக் கடிதத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, 5 வருடத்துக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டோ மூன்றோ மாதம்தான் என்றால் பழைய மனேஜரிடம் அந்தத் திகதியைச் சொல்லுங்கள். ஒரு வருடமாகச் சும்மா கிடந்த கதிரை இன்னும் மூன்று மாதம் கிடக்கும்.